சேமஅச்சும் ஐந்தாம் சக்கரமும்

பழைய கார் ஒன்றைக் கைவிடும் எண்ணம் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்குவதில்லை. ஒரு கதவுக் கைப்பிடி, ஒரு கண்ணாடி, ஒரு சக்கரம் என ஏதோ ஒரு சிறு உறுப்புக்கு மாற்றுக் கிடைக்காமற்போகும் நாளில் அது தொடங்குகிறது. வேங்கிக்காலை எடுத்துக்கொள்வோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலை வழியே போகும் ஊர். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வரும் வெளியூர் வண்டிகளின் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். இங்கே மழைக்குப் பிந்தைய பள்ளம் ஒன்றில் இறங்கி ஒரு மாருதி 800-இன் ரிம் நெளிந்துவிட்டால், உரிமையாளர் கேட்க நேரும் அறிவுரை நாம் எல்லோரும் அறிந்ததே. "இதுக்குப் போய் ஏன் சார் செலவு பண்றீங்க? வண்டியைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துடுங்க." இந்த அறிவுரை ஏற்கத்தக்கதன்று என்பதே நம் கருத்து.

சக்கரம் பழுதுபடும் என்பதை முன்னறிந்து பயணம் புறப்பட்டவர்கள் நம் முன்னோர். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஓர் உவமை தேடுகிறார். உப்பு வணிகர்களின் வண்டி அவர் கண்முன் வருகிறது. எருதுகள் இளையவை, பாரம் மிகுதி, வழியில் மேடு எங்கே பள்ளம் எங்கே என்று யார் அறிவார்? ஆகவே வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சைக் கட்டிவைக்கிறார்கள். அதன் பெயர் சேமஅச்சு. அத்தகையவன் எழினி என்கிறார் ஔவையார். அரசன் ஒருவனைப் புகழ உதிரிப்பாகம் ஒன்று போதும் என்று கருதிய மொழி நம்முடையது. அதியமானின் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, நமக்குப் பக்கத்து மாவட்டம் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

தொடக்ககாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பிணைக்கத்தக்க ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றைச் செய்து விற்றனர். அவர்களின் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்தத் தெருவை அறியாமலே நம் ஊர்ப் பஞ்சர் கடைகள் இன்றும் அப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்த ஐந்தாம் சக்கரம் இப்போது மெல்ல விடைபெறுகிறது. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் குறைந்தால் அறிவிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் சிறிய பயணிகள் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் தேவையில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. எடை குறையும், இடம் மிச்சமாகும் என்பன சொல்லப்படும் காரணங்கள். பொய்யல்ல. ஆனால் அந்தச் சாதனம் ஆணி குத்திய துளையைத்தான் அடைக்கும். நெளிந்த ரிம்மையும் பக்கச்சுவர் கிழிந்த டயரையும் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. நம் சாலைகள் ஆணியால் மட்டும் துன்புறுத்துவதில்லையே!

பேணுதல் என்ற பெயரில் உடைந்ததைப் பூசி மெழுகுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. இரும்பு ரிம்மின் விளிம்பு சற்றே நெளிந்திருந்தால் நிமிர்த்தலாம். விரிசல் கண்டால் மாற்றவே வேண்டும். அலாய் சக்கரத்தின் விரிசலைப் பற்றவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பழைய இரும்புக் கடையில் வாங்கும் மாற்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தால் போதாது. விட்டம், போல்ட்டுகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் அளவு, நடுத்துளை, சக்கரம் உள்ளும் புறமும் தள்ளி நிற்கும் அளவு ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கியில் ஏற்றி, புதிய சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, இறக்கியபின் முழுதும் இறுக்கி, சில பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபார்ப்பது முறை. நம் மெக்கானிக்குகள் பலர் இதைக் கைப்பழக்கமாக அறிவர். தமிழில் எழுதிவைத்தவர்தாம் மிகக் குறைவு.

பழைய கார்கள் புகை கக்குகின்றனவே, பாதுகாப்பில் பின்தங்கியவையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகைச் சோதனையில் தேறாத வண்டி சாலைக்கு வரலாகாது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சோதனையில் தேறி, கட்டணமும் செலுத்திய வண்டி ஒரு சக்கரம் கிடைக்காமல் பழைய இரும்பாவதை எந்தச் சூழலியல் நியாயப்படுத்தும்? புதிய கார் ஒன்றை உருக்கி வார்க்கவும் நிலக்கரியும் நீரும் மின்சாரமும் வேண்டுமல்லவா?

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசிடரின் உற்பத்தி அதே ஆண்டு மே மாதத்திலும் நின்றன. அவற்றை வாங்கியவர்கள் அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிடவில்லை. ஒரு மாதிரியை நிறுத்தும் நிறுவனம் அதன் உறுப்புகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை வழங்கவேண்டும் என்றும், சக்கர அளவுகளை உரிமையாளர் கையேட்டில் தமிழிலும் அச்சிடவேண்டும் என்றும் சட்டம் சொல்லவேண்டும். புதுக் கார் வாங்குவோரும் விலைப்பட்டியலில் பாட்டுப் பெட்டியின் திரை எத்தனை அங்குலம் என்று கேட்குமுன், ஐந்தாம் சக்கரம் உண்டா என்று கேட்கலாம். கேட்பவர்கள் பெருகினால் விற்பவர்கள் கொடுத்தே தீரவேண்டும்.