பொங்கோல் போகும் நம் பிள்ளைகள்

2022-இல் நாடு வங்குரோத்தானது. ஜனாதிபதி கோட்டாபயவே சிங்கப்பூர் போய், அங்கிருந்துதான் பதவி விலகினார்.

1948-இல் குடியுரிமை பறிபோன நாள் முதல், நாட்டுக்குக் காய்ச்சல் என்றால் நடுங்குவது நம் லயம்தானே! "உயர்தரம் எழுதி என்னத்த கிழிக்கப் போறேன், நானும் சிங்கப்பூர் போறேன்" என்கிறான் பையன். தாய் காதுத் தோட்டை அடகு வைக்க நிற்கிறாள்.

போகட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் அங்கே பொங்கோலில் எஸ்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் புது வளாகம் 2024-இல் இயங்கத் தொடங்கியது. உள்ளே படிக்கிறவன் ஒருத்தன். வெளியே கம்பி கட்டுறவன் ஒருத்தன். நம் பையன் எந்தப் பக்கம்?

கம்பி கட்டக்கூட இலங்கையருக்கு அங்கே தொழில்திறன் பரீட்சை உண்டு. ஏஜெண்டு இதைச் சொன்னானா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசென்ஸ் அவனிடம் இருக்கான்னு கேட்டீங்களா? கேட்டுட்டு அப்புறம் தோட்டைக் கழற்றுங்க அம்மா. உயர்தரப் பரீட்சைக்கு ஆறு மாசந்தான் பாக்கியென்றால், அதை எழுதிட்டே போகட்டும்.