கோலாரைட்டும் ஆவுளியாவும்

கலைச்சொல்லாக்க வகுப்பில் ‘தெலூரியம்’ என்னும் தனிமத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம். பாம்பனிலிருந்து வரும் மாணவர் ஒருவர், “ஐயா, இதற்குத் தமிழ்ப்பெயர் இட்டால் என்ன?” என்று வினவினார்.

இடலாம்தான். திரான்சில்வேனியச் சுரங்கத் தாதுவில் 1782இல் முல்லர் என்பார் கண்டறிந்த இத்தனிமத்துக்கு, நிலத்தைக் குறிக்கும் ‘தெல்லஸ்’ என்ற இலத்தீன் சொல்லைக் கொண்டு கிளாப்ரோத்து 1798இல் பெயரிட்டார். நாமும் ‘நிலமம்’ என்று ஆக்கிவிடலாம். ஆயின் நிலத்தில் கிடைக்கும் தனிமங்கள் எத்தனையோ உளவே! சொல் தமிழாகும், பொருள் துலங்காது.

தெலூரியக் கனிமங்களின் பெயர்களில் சிக்கல் இன்னும் மிகும். அவற்றுட் பல ஊர்ப்பெயர்கள். சில்வனைட்டில் திரான்சில்வேனியா இருக்கிறது. கலவெரைட்டில் கலிபோர்னியாவின் கலவெராஸ் இருக்கிறது. 1985இல் கோலார் தங்கவயலின் தாதுவிலிருந்து இரு புதிய கனிமங்கள் அறிவிக்கப்பெற்றன. ஈயம், தெலூரியம், குளோரின் சேர்ந்த ஒன்று கோலாரைட்டு. மற்றொன்று நிலவியல் அறிஞர் பி.பி. இராதாகிருஷ்ணாவின் பெயரால் அமைந்த இராதாகிருஷ்ணைட்டு.

1880 முதல் 2001 வரை இயங்கிய அச்சுரங்கங்களில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழம்வரை இறங்கி உழைத்தோருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் தலித் மக்கள் மிகுதி. அவர்களுள் ஒருவர் பெயரும் எக்கனிமத்திலும் இல்லை. அவர்கள் வாழ்ந்த ஊரின் பெயர் மட்டுமே எஞ்சியது. தமிழாக்கம் என்ற பெயரில் அதனையும் அழித்து, ‘ஈயத் தெலூரியக் கல்’ என எழுதுவது நமக்கு உடன்பாடில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் அம்மாணவரே, “எங்கள் தாத்தா ஆவுளியா என்பார், புத்தகத்தில் கடற்பசு என்றிருக்கிறது” என்றார். பாக் நீரிணைக் கரையோர மீனவர் வழங்கும் பெயரை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பைப் பாடநூலில் ஏற்றிய நாம், அதனையே தமிழ்த்தொண்டு என்றும் நம்புகிறோம்.

வடசொல் தமிழொலிக்கு இயைந்து வரின் ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வழி வகுத்திருக்கிறார். அந்நெறி அயற்பெயர்க்கும் பொருந்தும். கோலாரைட்டு என்றே எழுதுவோம். அதனருகே ஊரையும் உழைத்தவரையும் சொல்லும் ஓர் உரை எழுதுவோம். பழம் நூல்கட்கெல்லாம் உரை கண்ட மரபு நம்முடையது. ஒரு கல்லின் பெயருக்கு நான்கு வரி எழுத இயலாதா என்ன?