காலணியும் பெருமையும்

பெருநாள் நெருங்கினால் செங்கல்பட்டுக் கடைவீதியில் புத்தாடைக்கு அடுத்து நம் பிள்ளைகள் கேட்பது காலணியைத்தான். அதையும் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கூடைப்பந்தைத் தொட்டறியாத பிள்ளைக்கும் ‘ஜோர்டன்’ வேண்டியிருக்கிறது.

1917-இல் அமெரிக்காவின் கான்வர்ஸ் நிறுவனம் கித்தான் துணியும் ரப்பர் அடியும் கொண்ட கூடைப்பந்துக் காலணியை வெளியிட்டது. அன்று அது ஆட்டக்காரரின் கருவி. 1985-இல் மைக்கேல் ஜோர்டனின் பெயரால் நைக்கி நிறுவனம் ‘ஏர் ஜோர்டன்’ காலணியை 65 டாலருக்கு விற்றபோது, அது தெருவில் அணிவோரின் அந்தஸ்தாக மாறியது. அத்தகைய காலணிக்காக அமெரிக்க நகரங்களில் சிறுவர்கள் கொல்லப்பட்டதும் உண்டு.

1997-இல் நைக்கியின் கூடைப்பந்துக் காலணி ஒன்றில் தீச்சுடர் வடிவில் பொறித்த ‘ஏர்’ என்னும் சொல், அரபியில் அல்லாஹ்வின் திருநாமத்தைப் போலத் தோன்றியது. முஸ்லிம்கள் எதிர்த்தனர், நிறுவனம் மன்னிப்புக் கோரி 38,000 ஜோடிகளைத் திரும்பப் பெற்றது. காலணியின்மேல் இருந்த எழுத்துக்காக வருந்தியது சரியே. அக்காலணி நம் பிள்ளைகளின் உள்ளத்தில் விதைப்பதைக் குறித்தும் நாம் வருந்த வேண்டாமா?

அணுவளவு பெருமை உள்ளவரும் சுவனம் புகார் என அண்ணலார் (ஸல்) எச்சரித்தபோது, ஆடையும் காலணியும் அழகாயிருக்க விரும்புவதும் பெருமையாகுமோ என ஒருவர் வினவினார். அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் நபியவர்கள் விளக்கியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆகவே நல்ல காலணி குற்றமன்று. அதைக் கொண்டு பிறரை அளப்பதே குற்றம்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவச் சிறுவர்கள் வெறுங்காலுடன் மணலில் பந்தாடுகிறார்கள். அவர்களோடு சேர விரும்பியும், காலணி அழுக்காகுமே எனக் கரையிலேயே நின்றுவிடும் நம் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். பொருள் மனிதனுக்கு உதவாமல் மனிதன் பொருளுக்குக் காவல் நிற்கும் நிலை அது.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தின் ஆலையில் நைக்கி காலணிகள் உருவாகின்றன. உழைப்போரில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தலைமுறைகளாகத் தோலும் காலணியும் நம் சமுதாயத்தாரின் பிழைப்பு. விளம்பரத்தில் வரும் வீரரின் பெயரை அறிந்த பிள்ளை, தைத்த கைகளின் உழைப்பையும் அறியட்டும்.

கேட்ட பிள்ளையைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. கடன்படாமல், வசதிக்குள் வாங்கித் தருவோம். புதியதை அணியும் முன், நல்ல நிலையிலுள்ள பழைய ஜோடியைத் துடைத்துத் தேவையுள்ள ஒருவருக்கு அப்பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்வோம். பெற்றோராகிய நாமும் பிறரின் காலைப் பார்த்து அவரை எடைபோடும் வழக்கத்தை விடுவோம். பிள்ளைகள் அதை நம்மிடமிருந்தே கற்கிறார்கள்.

வீண்விரயத்தையும் பெருமையையும் விட்டு அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.