பனிக்காக நிற்பதும் வேலை நேரமே

சுன்னாகம் சந்தைக்கு விடியுமுன் கரட்டும் லீக்ஸும் வந்து சேர வேண்டும். நமது தோட்டத்து உறவுகள் பிடுங்கிக் கழுவிக் கட்டிய மூட்டைகளுடன் நுவரெலியாவில் புறப்படும் லொறி, 1,868 மீற்றர் உயரத்து ஊரை விட்டு, லபுக்கலை, இறம்பொடை வளைவுகளில் கண்டிக்கு இறங்கி, ஏ-9 வீதியில் இரவோடிரவாக வடக்கே ஓடுகிறது.

அந்த இறக்கம் அவசரத்துக்கு இடம் தராது. மூடுபனியில் அடுத்த முடக்கே தெரியாது. பெரிய வெளிச்சம் போட்டால் பனி அதைக் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். சிறிய கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் மலையையே வீதிமேல் சரித்தது.

'அவதானமாக ஓட்டவும்' என்ற பலகை மட்டும் போதாது. பிந்திய சரக்கின் நட்டம் சாரதியின் கூலியில் கழிக்கப்படுமானால், எந்தப் பனியிலும் அவர் ஓட்டத்தான் செய்வார்.

மழையில் கொழுந்து குறைந்ததற்கு அரைப்பேர் போடுவதை எதிர்த்தவர்கள் நாம். வானத்தின் குற்றத்துக்குத் தொழிலாளியைத் தண்டிக்காதே என்ற அதே நியாயம் சாரதிக்கும் உதவியாளருக்கும் உண்டு. பனி விலகும்வரை நிற்கும் நேரத்துக்கும் சம்பளம் வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள இரவில் லொறி புறப்படக் கூடாது. சுன்னாகத்து வியாபாரிகளே, கரட் ஒரு மணி நேரம் பிந்தட்டும். அதைக் கொண்டுவருபவர் உயிரோடு வரட்டும்.