விஆர் கேமிங்: வாங்குகிறார்கள், ஏன் மாட்டுவதில்லை?

2014-ல் சுமார் 200 கோடி டாலர் கொடுத்து ஆக்குலஸ் நிறுவனத்தை வாங்கியது ஃபேஸ்புக். பத்து வருஷத்துக்கும் மேல் ஆச்சு. இன்று மெட்டாவில் விஆர் ஹெட்செட், ஸ்மார்ட் கண்ணாடிகளைக் கவனிக்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு, 2024-ல் மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியது.

விலைதான் பிரச்சினையா? ஓரளவுக்கு. 2023-ல் சோனி பிஎஸ் விஆர்2-ஐக் கொண்டுவந்தபோது அதன் விலை, அதை இயக்கத் தேவையான பிஎஸ்5 கன்சோலைவிடவே அதிகமாக இருந்தது. ஆனால், 2020-ல் 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 2 நன்றாகவே விற்றது. வாங்கியவர்களைத் தொடர்ந்து ஆட வைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

காரணம், நம் உடம்பு. கேமில் ஓடுகிறோம் என்கிறது கண். உட்கார்ந்துதானே இருக்கிறோம் என்கிறது உள்காது. இந்தக் குழப்பத்தில் பலருக்குத் தலை சுற்றும், குமட்டும். ஓடும் பஸ்ஸில் போன் பார்த்தால் வருமே, கிட்டத்தட்ட அதன் தலைகீழ். ‘பீட் சேபர்’ ஹிட் ஆனதில் ஆச்சரியமே இல்லை: நின்ற இடத்திலேயே பாட்டுக்கு ஏற்ப வாள் வீசினால் போதும்.

அடுத்த சிக்கல், நேரமும் இடமும். ஆபீஸ் முடிந்து வந்தவர் சோபாவில் சாய்ந்தபடி, நடுவில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே போனில் ஒரு மேட்ச் ஆடிவிடலாம். ஹெட்செட்டுக்கோ டீபாயை நகர்த்தணும், சார்ஜ் இருக்கணும், வீட்டில் யாரும் கூப்பிடாமலும் இருக்கணும்.