ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு மனச்சோர்வா? மாத்திரையும் காரணமாக இருக்கலாம்!

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு. ஆனால் அவர் முன்பு போல இல்லை. யாரிடமும் பேச்சில்லை, ராத்திரி தூக்கமில்லை, சாப்பாட்டிலும் விருப்பமில்லை. "நோயாளி இல்லையா, அப்படித்தான் இருப்பார்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பல நேரம் அதுதான் காரணம். சில நேரம் காரணம் மாத்திரை டப்பாவில் இருக்கும்.

வீசிங், மூட்டு வாதத்துக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வலிப்புக்கான லெவெடிராசிட்டம், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான சைக்ளோசெரின் ஆகியவை சிலருக்கு மனநிலையைப் பாதிக்கும். குழந்தைகளின் வீசிங்குக்கும் தரப்படும் மான்டிலுகாஸ்ட் மாத்திரைக்கு 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உச்சகட்ட எச்சரிக்கை விடுத்தது.

இது நமக்குப் புதிதல்ல. சர்ப்பகந்தி வேர் ரத்தக்கொதிப்பைக் குறைப்பதை 1949-ல் மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் உலகுக்குக் காட்டினார். அதில் இருந்து எடுத்த ரிசர்பின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக 1950-களிலேயே பேச்சு எழுந்தது.

எண்ணிக்கை கூடினால்?

2018-ல் 'ஜாமா' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வைப் பக்க விளைவாகக் கொண்ட மருந்துகளில் மூன்றோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. எதுவுமே எடுக்காதவர்களில் 4.7 சதவீதம்தான். மருந்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நோய் அதிகமுள்ளவர்தானே மாத்திரையும் அதிகம் சாப்பிடுவார்?

பழி தவறாக விழுவதும் உண்டு. இதய நோய்க்கான பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் மனச்சோர்வு தரும் என்று பல வருடம் நம்பப்பட்டது. 50,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசிய 2021 ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

அதனால் சந்தேகம் வந்தாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரையை விட்டால் வலிப்பு திரும்பலாம்.

என்ன செய்யணும்?

திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரே ஆளுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரை ஒரு பக்கம், டவுன் கிளினிக் சீட்டு ஒரு பக்கம், மெடிக்கலில் கேட்டு வாங்கியது ஒரு பக்கம் என்று இருக்கலாம். மொத்தத்தையும் ஒரே டாக்டர் பார்க்காமலே போகலாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்க. எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, சோர்வு எப்போது வந்தது என்று தேதியோடு சொல்லுங்க. டாக்டருக்கு அதுதான் பெரிய துப்பு. அளவைக் குறைக்கலாம், மாற்று மருந்து தரலாம்.

'செத்துப் போகலாம்' என்கிற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.