மேற்கோள் வரைபடத்தில் இல்லாத மாரிக்குப்பம்

தேடும்போதே படைப்பூக்கத்தை வளர்ப்பவையாம் இன்றைய ஆய்வு மென்பொருள்கள்! ஜோட்டெரோ திரட்டியதை அடுக்கித் தருகிறது, நன்று. கனெக்டட் பேப்பர்ஸோ, மேற்கோள்களால் முன்பே நெருங்கி நிற்கும் கட்டுரைகளையே வரைபடமாக்குகிறது. இதில் புதுமை எங்கே?

கோலார் தங்கவயலைத் தேடுங்கள்: பாறையியல் குவியும், 1965இல் ஆழ்சுரங்கத்தில் பதிவான நியூட்ரினோ வரும். (அதில் எனக்கும் பெருமைதான்.) மாரிக்குப்பம் சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்த அயோத்திதாசர் நூல்களோ, 1926இல் அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் நடத்திய ‘தமிழன்’ இதழோ எளிதில் எட்டா. மேற்கோள் தரவுகளில் இடம்பெறாத ஏட்டுக்கு அவ்வரைபடத்தில் புள்ளியே கிடையாது. 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தது, ஞான. அலாய்சியஸ் பழைய இதழ்களைத் தேடித் தொகுத்ததால். நம் துறைகளோ மென்பொருள் பயிலரங்குக்குச் சான்றிதழ் வழங்குகின்றன. செல்லரிக்கும் இதழை மின்வருடித் தமிழில் நூற்பட்டி எழுதும் மாணவருக்கு என்ன வழங்குகின்றன?